வாசலில் நின்றவரை வாங்க என்றேன்

வருகிற வெள்ளிக்கிழமை படம் வெளியாகிறது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சுவரில் போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் தெருவில் தனியாக நிற்கிறார். அவர் தலைக்கு மேல் ஏதோ இயந்திரம் வெளிச்சம் விடுகிறது. தெருவின் கோடியில் சின்னதாக ஒரு டிராக்டரின் பின்பக்கம் தெரிகிறது. அது என் டிராக்டர். நேற்று டைனமோவுக்கு பெல்ட் வாங்கப் போனபோது அதைப் பார்த்தேன். பார்த்ததும் யாராவது என்னைப் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன்.

இந்தப் படத்துக்கு என்னைப் போலக் காத்திருந்தவன் இந்தப் பக்கத்தில் வேறு எவனும் இருந்திருக்கமாட்டான். இப்போது அது வெளியாகாமல் ஏதாவது கேஸில் மாட்டி நின்றுபோனால் நல்லது என்று நினைக்கிறேன். இப்படி நினைப்பதற்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

படத்தின் கதை ஒரு நாவல். கல்லூரியில் படித்தபோது என் மகள் அதை நூலகத்திலிருந்து எடுத்து வந்தாள். அவள் இரண்டே நாளில் படித்துவிட்டுப் போட்டாள். நான் ஐந்தாவது வரை படித்தவன். பஸ் போர்டு, உர மூட்டை, கல்யாணப் பத்திரிகை, இவ்வளவுதான் என் படிப்பு. அட்டையில் போட்டிருந்த படத்துக்காக அந்தப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். பிறகு டிராக்டர் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

நான் ஆலைக்குக் கரும்பு ஏற்றுகிறவன். எடை மேடைக்குப் போகும் வரை யார்டில் வரிசையில் நிற்க வேண்டும். கரும்பு ஜாஸ்தியாக வரும் மாதங்களில் இன்று போனால் நாளைக்குத்தான் வண்டி உள்ளே போகும். மற்ற டிரைவர்கள் சீட்டாடுவார்கள், டிப்பருக்கு அடியில் துண்டு விரித்துத் தூங்குவார்கள். நான் ஸ்டீயரிங் மேல் புத்தகத்தை வைத்து, விரலை வரிக்கு அடியில் நகர்த்தி, உதடு அசையப் படிப்பேன். பெரிய வார்த்தை வந்தால் துண்டு துண்டாக்கிப் பிறகு ஒட்டிப் பார்ப்பேன். ஒருநாள் பக்கத்து வண்டிக்காரன் எட்டிப் பார்த்தான்.

"இன்னா மாமா, கலெக்டருக்குப் படிச்சிக்கினு கீறியா? வேலைக்குப் போனதும் எங்க பட்டாவ மொதல்ல பாத்து வுடு."

வரிசை முழுக்கச் சிரித்தது. நான் புத்தகத்தை மடித்து வைத்துவிட்டு, அவன் தூங்கின பிறகு திரும்ப எடுத்தேன். அந்தப் பருவம் முடிவதற்குள் புத்தகமும் முடிந்தது. மகள் அதற்கு எத்தனை தடவை தேதி நீட்டி வாங்கினாளோ தெரியாது. ஒரு தடவை கூட முகம் சுளிக்கவில்லை.

வரப்போகிற காலத்தில் நடக்கிற கதை அது. பூமிக்கு மேலே மூச்சு விட முடியாமல் போய், ஜனங்கள் பாதாளத்தில் அடுக்கடுக்காக வீடு கட்டி வாழ்கிறார்கள். அங்கே ஒரு வயசான என்ஜினியர், கழிந்துபோன ஒரு நாளுக்குள் போய் நிற்கிற மாதிரி ஒரு இயந்திரம் செய்கிறார். அந்த நாளைப் பார்க்கலாம், கேட்கலாம், வாசனை கூட வரும். ஆனால் அங்கே இருக்கிற யார் கண்ணுக்கும் அவர் தெரியமாட்டார். அவர் தான் பிறந்த தெருவுக்குப் போகிறார். தன் வீட்டு வாசலில் நிற்கிறார். அவருடைய அம்மா முறத்தோடு வெளியே வந்து, தவிட்டைக் கோழிக்குப் போட்டுவிட்டு, அவரைத் தாண்டி உள்ளே போய்விடுகிறாள்.

படித்தவர்களுக்கெல்லாம் பழைய காலம் திரும்ப வருகிறது என்பதால் அந்த நாவல் பிடித்ததாம். மகள் அப்படித்தான் சொன்னாள். எனக்குப் பழைய காலத்தின் மேல் ஆசை ஒன்றும் கிடையாது. என் சின்ன வயதில் எங்கள் வீட்டில் சோறு கம்மி, அடி ஜாஸ்தி. என்னைப் பிடித்துக்கொண்டது அந்த வாசல்தான். ஒரு ஆள் வந்து நிற்கிறார், உள்ளே மனுஷர்கள் இருக்கிறார்கள், வாங்க என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

பின்னால் எனக்கே அது நடந்தது. மகளைக் களமருதூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். சம்பந்தி வீடு பெரிய வீடு, சொந்த நிலம், நெல் விவசாயம். எங்களுடையது குத்தகை நிலம். கல்யாணமான புதிதில் ஒரு மத்தியானம் வெல்லமும் வாழைத்தாரும் எடுத்துக்கொண்டு நான் மட்டும் போனேன். கேட் திறந்திருந்தது. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது, எல்லாரும் பேசும் சத்தம் கேட்டது. யாரோ வெளியே வந்து வாய் கொப்பளித்துவிட்டு உள்ளே போனார்கள். என்னைப் பார்க்கவில்லை. ஒரு சத்தம் கொடுத்தால் போதும், ஓடிவந்து அழைத்திருப்பார்கள். எனக்குக் குரல் எழவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். வீடு பூட்டியிருந்தது என்று மனைவியிடம் சொன்னேன்.

அந்த நாவலைப் படமாக எடுக்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து என் போனில் அதைத் தவிர வேறு எதையும் நான் தேடியதில்லை. வாசல் காட்சியை எப்படி எடுப்பார்கள் என்று வண்டி ஓட்டும்போதெல்லாம் யோசிப்பேன். அப்படி இருந்தபோதுதான் கச்சிராயபாளையத்தில் ஒரு புரோக்கர் வந்து, மலைமேல் ஷூட்டிங் நடக்கிறது, பழைய மாடல் டிராக்டர் வேண்டும் என்று கேட்டார். என்ன படம் என்று கேட்டேன். பெயரைச் சொன்னார். அன்று ராத்திரி நான் சரியாகச் சாப்பிடவில்லை.

விடியும்போது வண்டியை எடுத்துக்கொண்டு கல்வராயன் மலைமேல் ஏறினேன். வெள்ளிமலைக்குப் போகிற வழியில் ஒரு சின்ன ஊர். டிஷ் ஆன்டெனாக்களைக் கழற்றி வைத்திருந்தார்கள். சிமெண்ட் ரோட்டின் மேல் செம்மண் கொட்டியிருந்தார்கள். டைரக்டர் என் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வேறு ஆள் வேண்டாம், இவரே இருக்கட்டும் என்றார். இந்தக் கதையை நான் படித்திருக்கிறேன் என்று அவரிடம் சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

அவர்கள் எனக்குக் கொடுத்தது அதே வாசல் காட்சி. வீட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, நான் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து சக்கரத்துக்கு கிரீஸ் வைக்க வேண்டும். என்ஜினியராக நடிக்கிற பெரியவர் வந்து வாசலில் நிற்பார். நான் என் வேலையைப் பார்க்க வேண்டும். அசிஸ்டண்டு பையன் பொறுமையாகச் சொன்னான்.

"அண்ணா, அவர் வருவாரு, நிப்பாரு. நீங்க பாக்கக் கூடாது. உங்களப் பொறுத்தவரைக்கும் அங்க யாருமே இல்ல. சரியா?"

சரி என்றேன். எனக்கு அதை யாரும் சொல்ல வேண்டியதே இல்லை. அந்த இடத்தில் யாராவது ஒருத்தர் அவரைக் கூப்பிட்டுவிட்டால் அப்புறம் கதையே கிடையாது. அது டைரக்டருக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவு எனக்கும் தெரியும்.

கேமரா ஓடியது. அவர் வந்தார். சித்திரை வெயில். நெற்றியில் வேர்வை, கையில் ஒன்றுமில்லை. வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். பார்த்துவிட்டேன்.

"வாங்க, உள்ள வாங்க" என்றேன்.

கட் என்று சத்தம் வந்தது. பிறகு அந்தத் தெருவே சிரித்தது. லைட் பிடித்தவர், சோறு போடுகிறவர், வேடிக்கை பார்க்க வந்த மலைக்காரப் பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். யாருண்ணா வந்தது, எங்களுக்கும் காட்டுங்க என்று அசிஸ்டண்டு பையன் கேட்டான்.

இரண்டாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை. ஆனால் அவர் பக்கத்தில் வந்ததும் எழுந்துவிட்டேன். மடித்துக் கட்டியிருந்த கைலியைக் கை தானாகவே இறக்கிவிட்டது. வயசில் பெரியவர் வந்து நின்றால் இந்தக் கைக்கு வேறு என்ன தெரியும்? மூன்றாவது தடவை எதற்கு வம்பு என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். சார், இவர் தூங்குறாரு என்று யாரோ கத்தினார்கள்.

டைரக்டர் திட்டவில்லை. வெயில் போய்க்கொண்டிருக்கிறது என்று மட்டும் சொன்னார். பெரியவராக நடித்த நடிகர் என் தோளைத் தட்டி, பரவாயில்லை, இப்படியும் மனுஷன் வேணும் என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் தேவலாம் என்று இருந்தது. என் தோளில் இருந்த பச்சைத் துண்டை வாங்கி யூனிட்டில் வேலை செய்கிற ஒருவர் தோளில் போட்டு, அவரைப் பக்கெட்டில் உட்கார வைத்தார்கள். முதல் தடவையே சரியாக வந்தது. நான் ஒரு பலாமரத்துக்குப் பின்னால் நின்று, என் வண்டிக்கு வேறொருத்தர் கிரீஸ் வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். உன்னையும் படம் எடுத்தாங்களாமே, புரோக்கர் சொன்னாரு, நல்லா பண்ணியா என்று கேட்டாள். தண்ணீர் வாயில் இருந்தது. "ம்" என்றேன்.

நான் சொன்ன பொய் அந்த ஒரு எழுத்துதான். மீதியை எல்லாம் அவள் நம்பிக்கையாக வளர்த்தாள். அவளுடைய அக்காவுக்குச் சொன்னாள், நூறு நாள் வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொன்னாள், களமருதூருக்குச் சொன்னாள். என்னை ஆலையில் பார்க்கிறவர்கள் ஹீரோ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் எப்போதும் பேசாதவன் என்பதால், இப்போது பேசாமல் இருப்பதும் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. என் கூச்சம் என் பொய்க்கு நல்ல வசதியாக இருந்தது.

போன வாரம் டிரைலர் வந்தது. டிராக்டர் ஒரு கணம் வந்து போகிறது. பச்சைத் துண்டு போட்ட முதுகு தெரிகிறது. சம்பந்தி போன் செய்து, முதுகே இவ்வளவு கம்பீரமா கீதே என்றார். வெள்ளிக்கிழமை வேன் வைத்துக்கொண்டு அவர்கள் வீட்டு ஆட்கள் எல்லாரும் வருகிறார்களாம். கல்யாணத்துக்கு அப்புறம் அவர் என்னிடம் அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை. மகள் குரலிலும் ஒரு மிதப்பு இருந்தது. அந்த வீட்டில் அவளுக்கு மதிப்பு ஒரு அங்குலம் உயர்ந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. அப்போதும் நான் சொல்லவில்லை.

நேற்று போஸ்டரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், மனைவி அந்தத் துண்டைத் துவைத்து இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்தாள். தியேட்டருக்கு அதைப் போட்டுக்கொண்டு வர வேண்டுமாம். அப்போதுதான் பார்க்கிறவர்களுக்கு அடையாளம் தெரியுமாம். நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் திட்டவில்லை. ஒன்றிரண்டு கேள்வி கேட்டாள். அந்த முதுகு யாருது என்றாள். தெரியாது என்றேன். மடித்த துண்டை எடுத்து மறுபடியும் ஒரு தடவை மடித்தாள். பிறகு போனை எடுத்து அவளுடைய அக்காவுக்குப் போட்டாள். அவர் சீன் நன்றாகத்தான் வந்ததாம், படம் நீளமாகிவிட்டது என்று வெட்டிவிட்டார்களாம் என்றாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அடுத்து நூறு நாள் வேலைக்கு வருகிற ஒருத்திக்கும் அதையே சொன்னாள். பொய்யே சொல்லத் தெரியாதவள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தவள், என்னைவிட நன்றாக எனக்காகச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு போனை என்னிடம் நீட்டினாள்.

"சம்பந்திக்கு நீயே சொல்லு. எம்பொண்ணு வாழற வூடு. அங்க என்னால பொய் சொல்ல முடியாது."

சம்பந்தி உடனே எடுத்தார். வேனுக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன் என்று ஆரம்பித்தார். படத்தில் நான் இல்லை என்றேன். வெட்டிட்டானுங்களா, யாரைக் கேட்கலாம், நம்ம வக்கீல் மச்சான் இருக்கிறாரே என்றார்.

"வெட்டலீங்க. எடுக்கவே இல்ல. அந்தப் பெரியவரு வாசல்ல வந்து நின்னாரு. நான் வாங்கன்னு கூப்ட்டுட்டேன். கூப்புடக் கூடாது."

"ஏன் கூப்புடக் கூடாது?"

"கதப்படி அவரு அங்க இல்லீங்க."

"இல்லாதவர இன்னாத்துக்கு சம்பந்தி கூப்ட்டீங்க?" என்றார்.

அவர் வீட்டு கேட்டில் நான் நின்ற மத்தியானத்தைச் சொல்லியிருக்கலாம். அது என்னால் முடியாது. "நின்னாருங்களே" என்றேன்.

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, ஆனால் அடக்கவும் இல்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமலே வீட்டில் இருந்தவர்களைக் கூப்பிட்டு, கேட்டீங்களா சேதி என்று சொல்ல ஆரம்பித்தார். ஒவ்வொருத்தராகச் சிரிப்பது கேட்டது. அதில் என் மகளின் குரல் இருக்கிறதா என்று காதை அழுத்திக் கேட்டேன். தெரியவில்லை. கடைசியில், வேன் சொன்னது சொன்னதுதான், வருகிறோம் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

இன்னா சொன்னாரு என்று மனைவி கேட்டாள். சிரித்தார் என்றேன், நடந்ததை அப்படியே சொல்லிவிட்டேன் என்றேன். அவள் முகம் மாறியது.

"வெள்ளிக்கெழம எங்கக்காளும் சம்பந்தி வூட்டுக்காரங்களும் ஒரே வரிசைலதான உக்காருவாங்க. எங்கக்காளுக்கு இப்ப நான் இன்னான்னு சொல்றது?"

அவள் என் கையிலிருந்து போனை வாங்கி, வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, அக்காவின் நம்பரை மறுபடியும் போட்டாள்.