தோடம்பழ நிற ஜக்கெட்

எங்கள் வீட்டில் மீன்பிடிக்கத் தண்ணீருக்குப் போகும் ஆண் நீல உடுப்பு உடுத்தக் கூடாது. பச்சையும் கூடாது. அப்பா கடைசியாகப் போனது நீலச் சேட்டோடு. தோணி மட்டும் தனியாகக் கரை ஒதுங்கியது. ஊர் ஆண்கள் எல்லோரும் வாவிக்குள் இறங்கித் தேடினார்கள். கண்டல் வேர்களுக்குள் கிடந்தவரை எடுத்து வந்த பிறகு, தேடப் போன ஒருவர் அம்மாவிடம் வந்து அழுதார். "அந்த இடத்தாலதான் கா திரும்பத் திரும்பப் போனம். நீலச் சேட்டு, தண்ணிக்குள்ள கண்ணுக்கு எடுபடல்ல."

அன்றிலிருந்து அம்மா போட்ட சட்டம் இது. மஞ்சள், சிவப்பு, தோடம்பழத்தின் செம்மஞ்சள், எதுவானாலும் கண்ணைக் குத்த வேண்டும். பெரியகல்லாற்றில் என் கணவர் இன்றைக்கும் அந்தக் கோலத்தில்தான் வலைக்குப் போகிறார். "அந்தா வாறார் மாப்பிள்ளை" என்று கரையில் நிற்பவர்கள் பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும். இது தெரியாமல் என் தம்பிக்கு நாங்கள் உடுப்பு வாங்கிய கதையைக் கேட்டால் எங்களைப் பைத்தியங்கள் என்றுதான் நினைப்பீர்கள்.

தம்பி கட்டாரில் சமையல் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்து, அடுத்தது என்ன என்று தெரியாமல் இருந்தான். அந்த நேரம் பார்த்து ஒரு ஏஜென்ட் வந்து சேர்ந்தான். பனி கொட்டும் ஒரு நாடு, அங்கே சண்டை, ஆமிக்கு வெளிநாட்டு ஆட்களை எடுக்கிறார்கள். "தம்பிக்குக் குசினி வேல மட்டுந்தான். துவக்கு ஒண்டும் தொடத் தேவல்ல, அகப்பைதான்" என்றான். போகும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னான். "குளிருக்கு உடுப்பு நீங்களே நல்லதா வாங்கிக் குடுத்து விடுங்க. அங்க குடுக்கிறது மெல்லிசு." அவன் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அது.

ஆமி என்ற சொல்லைக் கேட்டாலே கதவைச் சாத்தும் ஊர் எங்களுடையது. நான் தம்பியோடு சண்டை பிடித்தேன். "ஆரோ ஒருத்தன்ட ஆமிக்குச் சமைக்கவா உன்னைப் பெத்தது?" அவன் சிரித்தான். "எந்த ஆமிக்கும் பசிக்குந்தானே அக்கா." அதற்கு மேல் அவனோடு பேசிப் பயனில்லை. மறிக்கத்தான் முடியவில்லை, நன்றாக உடுத்தியாவது அனுப்புவோம் என்று நாங்கள் நான்கு பேரும் காத்தான்குடிக்குப் போனோம்.

வெளிநாடுகளில் மலையேறுகிறவர்களும் காட்டில் கூடாரம் போடுகிறவர்களும் உடுத்திக் கழித்த சாமான்களை மூட்டை மூட்டையாக எடுத்து விற்கும் கடை அது. தார் ரோட்டு உருகும் மத்தியானம். அந்த வெக்கைக்குள் நின்றுகொண்டு நாங்கள் குளிருக்குச் சாமான் தெரிவு செய்தோம்.

காலுக்குப் போடும் சப்பாத்தை என் கணவர் பொறுப்பெடுத்தார். ஒவ்வொன்றுக்குள்ளும் போத்தல் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். "தண்ணி உள்ள வரத்தான் செய்யும். வந்தது கெதியா வெளிய போகணும், அதுதான் சப்பாத்து" என்று சொல்லி, இரண்டு பக்கமும் வலை வைத்த ஒரு சோடியை எடுத்தார். வாவியில் நிற்கிறவருக்கு அதுதான் நியாயம். பனி வேறு, தண்ணீர் வேறு என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

உறங்கும் பை ஒன்று இருந்தது. தம்பி கடைத் தரையிலேயே அதற்குள் புகுந்து கழுத்துவரை இழுத்துப் பூட்டிக்கொண்டு கிடந்தான். முகமெல்லாம் வேர்வை. காக்கா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரர் பதறிப்போனார். "தம்பி, கெதியா வெளிய வாங்க. இதுக்குள்ள மவுத்தாப் போனீங்கெண்டா நான் ஆருக்குப் பதில் சொல்ற?" எல்லோரும் சிரித்தோம். சாவைப் பற்றிப் பேசியதற்கு அம்மா மட்டும் அவரை முறைத்தார்.

பிறகு ஜக்கெட். இரண்டு இருந்தன. ஒன்று மண் நிறம், மற்றது தோடம்பழ நிறம். தடிப்பில் இரண்டும் ஒன்றுதான். தம்பிக்கு மண் நிறத்தில் ஆசை. காக்காவும் அதுதான் அழுக்குத் தெரியாது என்றார்.

"தொலைஞ்சா எப்பிடித் தேடுற?" என்று அம்மா கேட்டார்.

"நான் என்ன தோணியிலயாம்மா போறன்?"

"எதுல போனா என்ன? ஆள் தெரியணும்."

நானும் அம்மாவின் பக்கம்தான் நின்றேன். சோறு ஆக்குகிறவனுக்கு ஒளிக்க என்ன இருக்கிறது? தம்பி எங்கள் முகங்களைப் பார்த்தான். "சரி, உங்களுக்கு அதுதான் நிம்மதியெண்டா அதையே எடுங்க" என்றான். அவன் எப்போதும் அப்படித்தான். யாருடைய மனமும் நோவதைப் பார்த்துக்கொண்டு இருக்க மாட்டான்.

திரும்பி வரும்போது என் கணவர் அவனை நேரே இறாலை ஐஸில் வைக்கும் வாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். முதலாளியிடம் கேட்டு, ஜக்கெட்டோடு அவனை ஐஸ் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார். எங்களுக்குத் தெரிந்த குளிர் அவ்வளவுதான். அம்மா கதவைப் பார்த்தபடி நின்றார். கொஞ்ச நேரத்தால் அவன் இறால் நாற்றத்தோடு வெளியே வந்து, "ஒண்டும் குளிரல்ல மச்சான்!" என்று கத்தினான். அம்மா அந்த ஜக்கெட்டைத் தடவிக் கும்பிட்டார். வீடு வரும்வரை எங்களுக்கு ஒரே சந்தோஷம். இப்போது அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் எனக்கு நெஞ்சு வெடிக்கிறது.

அங்கே போன முதல் சில கிழமைகள் குசினியிலிருந்துதான் போனில் பேசினான். பெரிய பானைகளைக் காட்டினான். பிறகு ஒரு நாள் முகம் சுருங்கி, தாடியோடு திரையில் வந்தான். "குசினி முடிஞ்சு அக்கா. எல்லாரையும் முன்னுக்கு அனுப்புறாங்க." ஜக்கெட் முழுக்கச் சேறு அப்பியிருந்தது. நான் ஒரு மடைச்சி, பார்த்துப் பார்த்து வாங்கிய உடுப்பை இப்படியா வைத்திருப்பது என்று ஏசினேன்.

"நான்தான் பூசின. இஞ்ச மேலால பறக்குது அக்கா, கமராவும் குண்டும் வச்ச சின்னச் சின்ன சாமான். அதுர கண்ணுல பட்டா முடிஞ்சு."

"அப்ப கழட்டி எறியன்டா!"

"கழட்டினா விறைச்சுச் செத்திருவன். இவனுகள் தந்ததுல ஒண்டுமில்ல." சேறு காய்ந்து உதிர்ந்த ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினான். "மழை பெய்தாத்தான் கரைச்சல். சேறு கழுவுப்பட்டுப் போகுது. அம்மாக்குச் சொல்லிராத. நல்ல சூடெண்டு மட்டும் சொல்லு."

கால் எப்படி என்று கேட்டேன். அதைக் கேட்காதே என்றான்.

அதற்குப் பிறகு அவனிடமிருந்து அழைப்பு இல்லை. ஏஜென்டின் நம்பர் செத்துவிட்டது. கொழும்புக்குப் போய்க் கேட்டோம், பார்க்கிறோம் என்றார்கள். பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு இனி யாரிலும் நம்பிக்கை இல்லை, கடவுளிலும் இல்லை.

அந்தச் சண்டையின் வீடியோக்கள் போனில் வருகின்றன. மேலேயிருந்து எடுத்தவை. வெள்ளை வயல், கருகின மரங்கள், புள்ளி புள்ளியாக ஓடும் ஆட்கள். ஓடுகிறவனுக்கு மேலே கமரா ஆறுதலாகப் பின்தொடரும். பிறகு புகை. பார்க்காதே என்று கணவர் போனைப் பறிப்பார். அவர் வலைக்குப் போன பிறகு நான் பார்க்கிறேன். ஒரு நிறத்தைத் தேடுகிறேன், அது வந்துவிடக் கூடாது என்றும் வேண்டுகிறேன்.

நேற்று அம்மா வந்து பக்கத்தில் இருந்தார். நான் சத்தத்தை நிற்பாட்டினேன். அம்மா கண்ணைச் சுருக்கி, அந்த வெள்ளை வயலுக்கு மேலே கமரா மெல்லமாகப் போவதைக் கனநேரம் பார்த்தார். அவருடைய முகம் தெளிந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நேற்றுத்தான் அப்படிக் கண்டேன்.

"மேலால போய்த் தேடுறாங்க என்ன புள்ள? அப்பாவத் தேடின மாதிரி இல்ல, இது நல்லாத் தெரியும். அந்த நிறம் எங்க கிடந்தாலும் கண்டிருவாங்க."

"ஓம் அம்மா" என்றேன். "கண்டிருவாங்க."