மச்சான் காட்டிய குழி

ஓடைத் தண்ணீர் வந்து விழும் எங்கள் பீலியில் பிடித்துத் தேத்தண்ணி போட்டால் மை மாதிரி கறுத்துப்போன காலம் அது. நான் பூண்டுலோயா டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் சிங்களம் பேசுகிறவர்கள் என்பதால் அந்த மொழி எனக்கு நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது.

தண்ணீர் ஏன் கெட்டது என்று தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எல்லாருக்கும் தெரியும். மேலே, தேயிலை பிடுங்கிக் கைவிட்ட மலையில், ஓடை பிறக்கிற சதுப்பு நிலம் இருக்கிறது. அங்கே வெளியூர் முதலாளி ஒருவர் அனுமதியில்லாமல் ஆள் வைத்து மாணிக்கக் குழி வெட்டினார். பொலிஸ் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும் போட்டது போட்டபடி எல்லாரும் போய்விட்டார்கள். குழிகளும் அள்ளிக் கொட்டிய மண்ணும் எங்களுக்கு மிஞ்சின. மழை பெய்தால் பீலியில் சேறு வரும். மழை விட்டாலும் விடுதலை இல்லை. குழியிலிருந்து தெளிவாகத்தான் தண்ணீர் வரும். கல்லில் விழுந்து கொஞ்ச தூரம் ஓடியதும் தோடம்பழத் தோல் போல ஆரஞ்சு நிறத்துக்கு மாறிவிடும். ஸ்கூல் பிள்ளைகளின் வெள்ளை உடுப்பெல்லாம் மஞ்சள் பூத்துப்போனது.

அந்தக் குழிகளில் இறங்கி வேலை செய்தவர்களில் என் அக்காவின் புருஷனும் ஒருவர். அப்போது தோட்டத்தில் ஆண்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் வேலை கிடைத்தாலே பெரிது. அக்கா மூன்றாவது பிள்ளையை வயிற்றில் வைத்திருந்தார். மச்சான் போனதை லயத்தில் யாரும் குற்றமாகப் பேசவில்லை. வெளியாட்களிடமும் வாய் திறக்கவில்லை.

பிறகு நுவரெலியாவிலிருந்து தண்ணீர் சுத்தப்படுத்தும் வேலைக்காக ஒரு பொறியியலாளர் வந்தார். சிங்களப் பெண். நாங்கள் மிஸ் என்று கூப்பிட்டோம். அவர் பேசுவதைத் தமிழில் சொல்ல ஆள் தேவைப்பட்டது. கடையில் லீவு கேட்டுக்கொண்டு நான் போனேன்.

கோயில் முன்னால் கூட்டம் போட்டு மிஸ் விளக்கினார். "இரும்பு தண்ணிக்குள்ள கரைஞ்சிருக்கு. காத்துப் பட்டாத்தான் துருவா மாறி வெளிய வரும். அது உங்க பீலிக்கு வந்து வெளிய வர்றத, நாம மேலயே வர வச்சிடுவோம்." தண்ணீர் விழுந்து காற்று வாங்குவதற்குக் கல் படிகள் கட்ட வேண்டும். புளிப்பை முறிக்கத் தண்ணீர் ஓடும் கானில் சுண்ணாம்புக்கல் போட வேண்டும். கீழே ஒன்றன்பின் ஒன்றாக மூன்று குட்டை. முதல் இரண்டில் துரு அடியில் படியும். மூன்றாவதில் நாணல் நட்டால் மிச்சத்தை அது பிடித்துக்கொள்ளும். தேயிலை மண்ணின் புளிப்புக்கு டொலமைட் தூவிப் பழகிய எங்கள் ஆட்களுக்குச் சுண்ணாம்புக்கல் சங்கதி உடனே புரிந்தது.

கடைசியாக மிஸ் கேட்டார்: "மேல குழி நாலுதானா? மண்ணுக்கடியில பக்கவாட்டுல ஏதாவது தோண்டியிருக்காங்களா?"

நான் தமிழில் கேட்டேன். மச்சான்தான் பதில் சொன்னார். "நாலுதாங்க. பக்கத்துல எல்லாம் ஒன்னும் தோண்டல."

அது பொய் என்று எனக்குத் தெரியும். நாலாவது குழியின் அடியிலிருந்து ஒரு சுரங்கம் குடைந்ததையும், அது சரிந்து இன்னொருவரின் கால் மாட்டிக்கொண்டதையும், அவரை இழுத்தெடுத்ததையும் மச்சான் ஒருநாள் அக்காவிடம் சொல்லி அழுதது அடுத்த காம்பராவில் படுத்திருந்த என் காதில் விழுந்திருந்தது. ஆனாலும் மிஸ் பக்கம் திரும்பி, "நாலுதான் மிஸ், வேற ஒன்னும் இல்ல" என்று சிங்களத்தில் தடங்கலில்லாமல் சொன்னேன்.

வேலை ஆரம்பித்தது. ஆண்கள் கான் வெட்டினார்கள், பெண்கள் கல் சுமந்தார்கள். எல்லாரையும்விட அதிகமாக மாடாய் உழைத்தவர் மச்சான். பிடித்து நிறுத்தினால்தான் சாப்பிட வருவார். மூன்றாவது குட்டையிலிருந்து தெளிந்த தண்ணீர் வெளியே வந்த அன்று பெண்கள் குலவை போட்டார்கள்.

ஐப்பசி மழை பிடித்ததும் பீலியில் மறுபடியும் துரு வந்தது.

குட்டையில் பார்த்தால் தண்ணீர் சுத்தம். கீழே ஓடையில் பார்த்தால் தோடம்பழ நிறம். மிஸ் தண்ணீரின் புளிப்பைக் காட்டும், நிறம் மாறும் சின்னத் தாள்களை நனைத்து நனைத்துப் பார்த்துக்கொண்டு இரண்டு நாள் மழையில் ஏறி இறங்கினார். கடைசியில் ஒரு கல்லில் உட்கார்ந்து, "நான்தான் பிழையா கணக்குப் போட்டுட்டேன் போல. இந்த வழிமுறை இங்க சரிவரலன்னு எழுதிக் குடுக்கணும்" என்றார். அவர் காலில் போட்டிருந்த சப்பாத்து முழுக்கச் சேறு. எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்று வேலை முடிந்து நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். "மச்சான், அந்த அம்மா தன்மேல பழியப் போட்டுக்கிட்டு நிக்கிறாங்க. அந்தச் சுரங்கத்து வழியாத்தானே தண்ணி வருது?" என்று கேட்டேன்.

அக்காதான் சீறினார். "பொலிஸு வந்து இவர இழுத்துட்டுப் போனா எங்கள யாருடா பாக்குறது? நீ பாப்பியா?"

"நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்க்கா. சொல்றதுன்னா மச்சானே சொல்லட்டும்."

மறுநாள் காலையில் நானும் மிஸ்ஸும் ஏறிப் போனபோது மச்சான் மண்வெட்டியோடு குட்டைக்கரையில் நின்றுகொண்டிருந்தார். "நான் சொல்றத அப்படியே சொல்லு. ஒன்னையும் விட்டுடாத" என்றார். குழியில் இறங்கியது, குடைந்தது, சரிந்தது, கூட்டத்தில் மறைத்தது என்று எல்லாவற்றையும் சொன்னார். நானும் ஒன்று விடாமல் சொன்னேன். முடிவில், "எனக்கும் தெரியும் மிஸ். தெரிஞ்சுதான் இல்லன்னு சொன்னேன்" என்று சேர்த்துக்கொண்டேன்.

மிஸ் மச்சானிடம், "அது எந்தப் பக்கமா போச்சு?" என்று மட்டும் கேட்டார்.

மச்சான் நாலாவது குழியிலிருந்து மானாப் புல்லை விலக்கிக்கொண்டு எட்டு வைத்து நடந்தார். குட்டைகளைத் தாண்டி, கீழே ஒரு பன்னம் புதரை மண்வெட்டியால் தள்ளினார். அடியில் பாறை இடுக்கிலிருந்து துருத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. மழைக்குக் குழி நிறையும்போது தண்ணீர், சரிந்த மண்ணை உடைத்துக்கொண்டு சுரங்கத்தில் புகுந்து, குட்டைகளுக்கு வராமல் இப்படி ஓடைக்குப் போயிருக்கிறது. மிஸ் சேற்றிலேயே முழங்கால் போட்டுத் தாளை நனைத்துப் பார்த்தார். "கணக்கு சரிதான்" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டது எனக்குக் கேட்டது.

குழித் தண்ணீரை பம்ப் வைத்து இறைத்துவிட்டு, சரியாமல் மர முட்டுக் கொடுத்து, களிமண் மூட்டைகளால் சுரங்க வாயை அடைத்தோம். முதல் தடவை கசிந்தது. இரண்டாவது தடவை நின்றது. குழியில் தண்ணீர் மெல்ல ஏறிக் கல் படிகள் வழியாக முதல் குட்டைக்கு வந்தது.

இறங்கி வரும்போது மிஸ் என்னிடம், "அவருக்கு வீடு இருக்கு, புள்ளைங்க இருக்கு, பயந்துட்டாரு. நீ என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு அதிகமாகச் சுட்டது. அறிக்கையில், ஊர் மக்கள் காட்டிய கசிவு என்றுதான் எழுதினார்.

இப்போது ஓடைத் தண்ணீர் குளிக்கவும் துவைக்கவும் ஆகிறது. குடிக்க வேண்டாம் என்று மிஸ் சொன்னதால் வேறு ஊற்றிலிருந்து குழாய் போட்டிருக்கிறோம். குட்டைகளில் படிகிற துருச் சேற்றை அள்ளிப்போடாவிட்டால் எல்லாம் வீணாகிவிடும். அந்த வேலையை மச்சான் பார்க்கிறார். "என்ன அண்ணே, மாணிக்கக் கல்லு ஏதும் ஆப்புட்டுச்சா?" என்று கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் கிண்டல் பண்ணுவார்கள். முதலில் முறைப்பார். இப்போதெல்லாம் சிரித்துவிடுகிறார்.

போன மாதம் மிஸ் ஒரு அதிகாரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அதிகாரி குட்டைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சுரங்கம் இருந்தது எப்படித் தெரியும் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் தன் ஓட்டைச் சிங்களத்தில், "நாந்தான் சேர் வெட்டினேன்" என்றார். அதிகாரி மிஸ்ஸைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். பிறகு, வட்டவளைப் பக்கத்தில் இதே மாதிரி விட்டுப்போன குழிகள் இருப்பதாகவும், எங்கெல்லாம் குடைந்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியாமல் நிற்பதாகவும் சொல்லி, ஒருநாள் வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார்.

மச்சான் உடனே சரி சொல்லவில்லை. "வீட்டுல கேட்டுச் சொல்றேன்" என்றார். அக்கா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் ரொட்டி சுட்டு, சம்பலோடு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். "குழிக்குள்ள மட்டும் எறங்காதீங்க. மேல நின்னு காட்டிட்டு வாங்க" என்றார். நானும் மச்சானும் வட்டவளைக்குப் போகக் காலை பஸ்ஸில் ஏறினோம்.