மூன்று வேளை திப்பிலிக் கசாயம்

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாக வரும். நடந்தவையும் முன்னும் பின்னுமாகத்தான் நினைவுக்கு வரும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மலைமேல் எங்கள் தேவனூர் நாட்டில் ஓடையோர நிழலில் திப்பிலிக் கொடி தானாகப் படரும். காய் கரும்பச்சையாக இருக்கும்போதே பறித்துப் பாறையில் காயப்போடுவோம். நெஞ்சுச்சளிக்கு வறுத்து இடித்துத் தேனில் குழைத்துக் கொடுப்போம், இல்லாவிட்டால் கசாயம் வைப்போம். பிள்ளை பெற்றவளுக்கு ரசத்தில் போடுவோம். வயிற்றில் பிள்ளை இருக்கிறவளுக்கு மட்டும் கொடுக்க மாட்டோம், சூடு என்பதால். இது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மழைக்காலத்தில் மருமகள் ஓயாமல் இருமினாள். அவள் மலையடிவாரத்துக் காரவள்ளிப் பக்கத்துப் பெண், திப்பிலிப் பக்குவம் தெரியாதவள். கல்யாணமாகி நான்கு வருஷமாகியும் பிள்ளை இல்லை. நான் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. யாராவது உண்டானால் மூன்றாம் மாதம் சாமிக்குப் பொங்கல் வைத்த பிறகுதான் எங்கள் வீட்டில் சொல்வது. அதுவரை அவளும் சொல்லக் கூடாது, நாங்களும் கேட்கக் கூடாது. அதனால் எதுவும் கேட்காமலே திப்பிலிக் கசாயம் வைத்துக் கொடுத்தேன்.

"இந்தா கண்ணு, மூக்கப் புடிச்சுக்கிட்டு ஒரே முழுங்கா முழுங்கு."

"ஏனுங்க அத்த, இருமலத் தொரத்தறதுக்கா, என்னையத் தொரத்தறதுக்கா? தொண்ட எரியுதுங்க!"

"உங்கப்பன் ஊட்டுக்கு ஓடற அளவுக்குக் காரமில்ல. குடி."

சிரித்துக்கொண்டே குடித்தாள். மூன்று வேளையும் குடித்தாள்.

மறுநாள் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டாள். மகன் ஒரு ஜீப்பை அழைத்துவந்தான். மலை வளைவுகளில் இறங்கும்போது அவள் தலை என் மடியில் இருந்தது.

"ரெண்டு மாசமுங்க அத்த. பொங்க வெச்சுட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்" என்றாள்.

சேந்தமங்கலத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள்: "மாத்திரை, மருந்து ஏதாவது சாப்பிட்டியாம்மா?"

"ஒண்ணுமில்லீங்க."

கசாயத்தை அவள் மருந்தாகவே நினைக்கவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கு நாக்கு எழவில்லை. குழந்தை தங்கவில்லை. "பல பேருக்கு இப்படி ஆகுதும்மா, காரணமே தெரியாது" என்று நர்ஸ் சொன்னது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. எனக்கு இல்லை.

போன வாரம் மருமகள் அடுப்படிக்கு வந்தாள். "அத்த, தொண்ட கரகரங்குது. அந்தக் கசாயம் வெச்சுத் தாங்க."

எடுத்த திப்பிலி டப்பாவை அப்படியே கீழே வைத்துவிட்டேன். வீட்டு வழக்கத்தை மீறிக் கேட்டேன்.

"கண்ணு, நாள் தள்ளியிருக்குதா?"

தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்றைக்குக் கொடுத்தது என்ன, ஏன் கொடுத்திருக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பு அணைந்ததுகூட எங்களுக்குத் தெரியவில்லை. அவள் கேட்டாள்:

"அப்ப, அதனாலதானுங்களா போச்சு?"

"தெரியல சாமி. வெவரம் தெரிஞ்சவங்களுக்கு எழுதிக் கேக்கறேன்."

டப்பாவை அவளே எடுத்துப் பரண்மேல் வைத்தாள். வெந்நீர் மட்டும் குடித்துவிட்டுப் போனாள்.

அதற்காகத்தான் இதை எழுதினேன். வேளைக்கு ஐந்து காய் போட்டதாக நினைவு. ஏழாகவும் இருக்கலாம். சுக்கு சேர்த்தேனா என்பதும் மறந்துவிட்டது. வைத்தியம் படித்தவர்கள் யாராவது நான் எழுதியது சரியா என்று பார்த்து, அந்த அளவு அப்படிச் செய்யுமா என்று சொல்ல வேண்டும். பதில் எதுவானாலும் அவளுக்கு நானே படித்துக் காட்டுவேன்.