பின்னால் போன கார்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மன்னிப்பு மட்டும் தொண்டையைத் தாண்டி வராது. சும்மாதானே கிடக்கிறது என்று மனைவியின் தையல் மிஷினைத் தன் தங்கைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சாப்பிட வரச் சொல்வதற்குக்கூட மகள்தான் சமையலறைக்கும் கூடத்துக்கும் தூது போக வேண்டும். நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு இது என்ன தலையெழுத்தோ.

பள்ளியில் நடக்கும் போட்டிக்காக அவள் அட்டைப்பெட்டியில் ஒரு கார் செய்திருந்தாள். பாட்டில் மூடிகள் சக்கரம், உடைந்த பொம்மையின் மோட்டார், காகிதக் குழலில் அடைத்த இரண்டு பேட்டரிகள். முந்தின நாள் சாயங்காலம் ஓட்டிப் பார்த்தால் கார் பின்னால் போனது. அப்பாவிடம் ஒருமுறை, அம்மாவிடம் ஒருமுறை, தனித்தனியாக அழுதுவிட்டுத் தூங்கிப்போனாள்.

மெக்கானிக்குக்கு இதெல்லாம் ஜுஜுபி. விடிந்ததும் எழுந்து மோட்டாரின் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றி முறுக்கினார். அதோடு ஓட்டியும் பார்த்திருக்க வேண்டும். வேலையில் ஓட்டிப் பார்க்காமல் விடுகிறவர்களை நாள் முழுக்கத் திட்டுவார். ஆனால் மோட்டாரின் கரகர சத்தத்தில் மனைவி விழித்து, தான் தரையில் உட்கார்ந்து பொம்மை ஓட்டுவதைப் பார்த்துவிட்டால்? வீம்பு விடவில்லை.

பள்ளி மைதானத்தில் கோடு போட்டாயிற்று. மகளுக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் மனைவி. விசிலுக்கு முன் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம் என்றார் டீச்சர். மகள் சுவிட்சைப் போட்டாள். கார் விறுவிறுவென்று பின்னால் வந்து அவள் செருப்பில் முட்டியது. பக்கத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள்.  மெக்கானிக் குனிந்து ஒயரைப் பிடித்தார். அதே நேரம் மனைவியின் கை பேட்டரிக் குழலைப் பிடித்தது.

அவருக்குப் பொறி தட்டியது. அவளும் சத்தமில்லாமல் பேட்டரியைத் திருப்பிப் போட்டிருக்கிறாள். ஒன்றை மாற்றினாலே போதும்; இவர் ஒன்றை மாற்ற, அவள் ஒன்றை மாற்ற, கார் பழையபடியே பின்னால் போகிறது. இப்போதும் வாயை மூடிக்கொண்டு ஆளுக்கொன்றைத் திருப்பினால் மறுபடியும் பின்னால்தான் போகும். டீச்சர் விசிலைக் கையில் எடுத்துவிட்டார்.

"அம்மாகிட்ட சொல்லு..." என்று மகளிடம் ஆரம்பித்தார். பிள்ளையின் உதடு துடித்தது. மீதியை விழுங்கிவிட்டு மனைவி பக்கம் திரும்பினார்.

"நீ எதையும் மாத்தாத. நான் ஒயரை மட்டும் மாத்துறேன்." பிறகு குரல் இறங்கியது. "உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

"எதுக்கு? காருக்கா, மிஷினுக்கா?"

"மிஷினுக்குத்தான்."

 அவள் குழலிலிருந்து கையை எடுத்தாள். "சீக்கிரம் மாத்துங்க, விசில் அடிக்கப் போறாங்க," என்றாள்.

ஒயரை இடம் மாற்றி முறுக்கி முடித்தார். டீச்சர் விசில் ஊதினார். கார் கோணல்மாணலாக முன்னால் ஓடியது. மகள் அதன் பின்னால் ஓடாமல் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இனிமே நான் போய்ப் போய்ச் சொல்ல வேணாம்ல?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கார் எத்தனையாவதாக வந்தது என்று அவர் பார்க்கவில்லை.