கை மாறிய படம்

நான் முதன்முதலாகப் பார்த்த சினிமாவில் எல்லோருமே இடதுகைக்காரர்கள். கதாநாயகன் இடது கையால் மாட்டை ஓட்டினான். ஜமீன்தார் இடது கையால் சவுக்கை எடுத்தார். பெண்கள் அத்தனை பேரும் மாராப்பை மாற்றிப் போட்டிருந்தார்கள். பட்டணத்தில் இப்படித்தான் கட்டுவார்கள் போலிருக்கிறது என்று அத்தை சொன்னாள், நாங்களும் நம்பினோம். படச் சீலைக்குப் பின்பக்கம் உட்கார்ந்து பார்த்தால் வலது இடதாகத்தான் தெரியும் என்று எங்களுக்கு யார் சொல்வது? எங்களைப் பின்பக்கம் உட்கார வைத்தவர்களுக்கு அதைச் சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முந்திய காலம் அது. சிகாமட் டவுனுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அப்பாவும் அம்மாவும் அத்தையும் பால்மரம் வெட்டினார்கள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தார்கள். தோட்டத்துக்கு மேலே வெள்ளைக்காரத் துரை. அவருக்குக் கீழே கிராணி. கிராணி என்றால் ஆபீசில் கணக்கு எழுதுகிறவர், அவ்வளவுதான். ஆனால் துரை பேசுவது எங்களுக்குப் புரியாது, நாங்கள் பேசுவது துரைக்குப் புரியாது. நடுவில் நின்றவர் வைத்ததே சட்டம். அவரும் தமிழர்தான். எங்களோடு பேசும்போது மட்டும் அது அவருக்கு மறந்துபோகும்.

அம்மா அப்போது முழுகாமல் இருந்தாள். எனக்குப் பிறகு இரண்டு தங்காமல் போனதால் இதையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று வீடே அவளைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை என்று அவள் ஒருநாள் சொன்னதற்காக, ரப்பர் அனுப்புகிற பெட்டிப் பலகைகளைக் கேட்டு வாங்கி அப்பா ஒரு பெஞ்சு செய்தார். கால்களில் ஒன்று கொஞ்சம் குட்டை. ஆனாலும் தோட்டத்து ஆட்கள் குடியிருந்த வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் தரைக்கு மேலே உட்கார ஓர் இடம் இருந்தது எங்கள் வீட்டில்தான். அப்பாவுக்கு அதில் எவ்வளவு கர்வம் என்றால், வருகிறவர்களை எல்லாம் ஒரு தரம் உட்கார்ந்து எழுந்துதான் போகச் சொல்வார்.

அந்தத் தீபாவளிக்கு லாரியில் படக்காரர்கள் வந்தார்கள். பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் எங்கள் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுகிற திடலில், இரண்டு கம்பம் நட்டு வெள்ளைச் சீலை கட்டினார்கள். அப்பா பெஞ்சைத் தூக்கிக்கொண்டு போய் முன்பக்கம் ஓரமாகப் போட்டு அம்மாவை உட்கார வைத்தார். ஆபீஸ்காரர்களுக்கு நாற்காலிகள் போட்டிருந்த வரிசைக்குப் பக்கத்தில், அது போதாதா? கிராணி வந்து பார்த்தார்.

சம்சாரம் முழுகாமல் இருக்கிறது, கீழே உட்கார முடியாது என்று அப்பா பணிவாகத்தான் சொன்னார்.

"உங்களுக்கெல்லாம் பின்னால எடம் வச்சிருக்கு. போ."

அப்பா குனிந்து பெஞ்சைத் தூக்கப் போனார்.

"பெஞ்சு இருக்கட்டும். நீ போ."

அதில் கிராணியின் மச்சான்மார் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். அப்பா அம்மாவின் கையைப் பிடித்து, இத்தனை பேர் பார்க்க, சீலையைச் சுற்றிப் பின்பக்கம் அழைத்துக்கொண்டு வந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

படம் தொடங்கும் முன் துரை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போனார். எங்கள் துரைக்கு இடக்கைப் பழக்கம். எழுதுவதும் அதுதான், டென்னிஸ் ஆடுவதும் அதுதான். வருஷா வருஷம் கிராணிக்குத் தருகிற பிராந்திப் புட்டியை அன்றும் இடது கையால்தான் நீட்டினார். கிராணி அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

விளக்கு எரிவதற்காகக் கொண்டுவந்த இஞ்சினை எங்கள் பக்கத்தில்தான் நிறுத்தியிருந்தார்கள். அது போட்ட சத்தத்தில் படத்தில் பேசியது ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை. கதை மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு ஜமீன்தார், அவரிடம் வண்டி ஓட்டும் ஏழை. ஒருநாள் நாலு பேர் முன்னால் ஜமீன்தார் அவனைச் சவுக்கால் அடித்துத் துரத்துகிறார். அவன் கப்பலேறிப் போய்ப் பெரிய பணக்காரனாகத் திரும்பி வருகிறான். ஜமீன்தார் எல்லாம் இழந்து, தாடியும் கந்தலுமாக அவன் வாசலிலேயே வந்து தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு நிற்கிறார். அவன் அவரை உற்றுப் பார்க்கிறான். உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டு வருகிறான். நீட்டுகிறான், இடது கையால்! ஜமீன்தார் தலை குனிந்து வாங்குகிறார்.

பின்பக்கத்தில் விசில் பறந்தது. ஆண்கள் எழுந்து துண்டைச் சுழற்றினார்கள். வெட்டிப் போட்டிருந்தால்கூட இவ்வளவு திருப்தி வந்திருக்காது. ஒருவனுக்குச் சோற்றையோ தண்ணீரையோ இடது கையால் கொடுப்பதைவிடப் பெரிய அவமானம் எங்கள் சனங்களுக்கு ஏது? முன்பக்கத்தில் மட்டும் சத்தமே இல்லை. அவர்களுக்கு உறைத்துவிட்டது என்று அத்தை குதூகலமாகச் சொன்னாள்.

அதற்குப் பிறகு லயத்தில் வேறு பேச்சே இல்லாமல் போயிற்று. குழாயடியிலும் சாராயக் கடையிலும் அந்தச் சொம்புதான். அப்பா மட்டும் அதிகம் பேசவில்லை. பெஞ்சு திரும்பி வரவேயில்லை. கிராணி வீட்டு வராந்தாவில் கிடந்தது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அப்பா அதைப் பார்த்துக்கொண்டே நடப்பார். அம்மாவுக்கு அது புரிந்திருந்தது. அதெல்லாம் படத்தில் நடக்கும், நமக்கு நாளைக்குப் பெரட்டு இருக்கிறது என்று அவள் சொல்லிக்கொண்டேயிருந்தாள்.

தைப்பூசம் வந்தது. எங்கள் தோட்டத்து முருகன் கோயிலில் பூசை முடிந்ததும் பானகம் கொடுப்பார்கள். லயத்துக்கு ஒரு வருஷம் என்று முறை வைத்து யாராவது ஒருவர் நின்று கொடுக்கவேண்டும். முதல் சொம்பு கிராணிக்கு. அவர் வாங்கி ஒரு வாய் குடித்த பிறகுதான் மற்றவர்களுக்கு. அந்த வருஷம் முறை எங்கள் லயத்துக்கு வந்தது. அப்பா தானாகவே போய்க் கேட்டு வாங்கிக்கொண்டார். என்ன இருந்தாலும் சாமி காரியமென்று அம்மா சந்தோஷப்பட்டாள், பாவம்.

கிராணி வேட்டியும் கோட்டுமாக வந்து நின்றார். அப்பா பானகத்தை மொண்டார். அகப்பையைக் கீழே வைத்தார். வலது கையை இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, இடது கையால் சொம்பை நீட்டினார்.

கிராணி கையை நீட்டவில்லை.

"கை மாறிப்போச்சு" என்றார், மெதுவாக.

"மாறலைங்க" என்றார் அப்பா.

படத்துக்கு விசில் அடித்த அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள். யாரும் துண்டைச் சுழற்றவில்லை. தரையைப் பார்த்தார்கள், சாமியைப் பார்த்தார்கள், அப்பாவை மட்டும் பார்க்கவில்லை. கிராணி கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு, செருப்பை நிதானமாக மாட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் பெரட்டில் அப்பா பேரும் அம்மா பேரும் கூப்பிடப்படவில்லை. பேர் கூப்பிடவில்லை என்றால் வேலை இல்லை. வேலை இல்லை என்றால் லயத்து வீடும் இல்லை. அம்மா வயிற்றைத் தாங்கிக்கொண்டு கிராணி வீட்டுக்குப் போய் அழுதாள். கிராணி இரக்கமில்லாதவர் என்று சொல்லமுடியாது. அப்பா நாளைக் காலையில் பெரட்டுக் களத்துக்கு வந்து, எல்லார் முன்னாலும் ஒரு சொம்புத் தண்ணீரை வலது கையால் தனக்குக் கொடுத்தால் போதும், பழையபடி வேலை செய்யலாம் என்று சொல்லியனுப்பினார்.

அம்மா வந்து அப்பாவின் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு சொம்புத் தண்ணிதானேங்க. என் வயித்தப் பாருங்க. குடுத்துடுங்க."

"அந்தப் பெஞ்ச அவன் தலையில தூக்கிட்டு வரட்டும். நானும் குடுக்கறேன்."

அத்தைக்கு மட்டும் வேலை இருந்தது, அவள் தங்கிவிட்டாள். நாங்கள் மூவரும் மழையோடு கிளம்பினோம். ஆறு ஏறியிருந்ததால் சாலையில் முழங்கால் தண்ணீர். கிராணி வீட்டைத் தாண்டும்போது வராந்தாவில் அவர் பிள்ளைகள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்தார்கள். அம்மா கொஞ்சம் நின்றாள். பிறகு நடந்தாள். சிகாமட் வந்து சேர்ந்தபோது அவளுக்கு வலி கண்டுவிட்டது. சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ராவுத்தர் ஒருவர், முன்பின் தெரியாதவர், கடைக்குப் பின்னாலிருந்த விறகுக் கொட்டகையை ஒழித்துக் கொடுத்து, தன் மனைவியையும் துணைக்கு அனுப்பினார். தம்பி பிறந்தான். மறுநாள்வரைகூடத் தங்கவில்லை.

எனக்குக் கல்யாணமாகிச் சிகாமட்டிலேயே குடியிருந்தபோது அதே படம் டவுன் கொட்டகைக்குத் திரும்ப வந்தது. அப்பாவையும் அழைத்துக்கொண்டு போனேன். அம்மா அப்போது இல்லை. நாற்காலியில், முன்பக்கத்தில், இஞ்சின் சத்தம் இல்லாமல் பார்த்தோம். கடைசியில் பணக்காரன் தண்ணீர் கொண்டு வந்தான். வலது கையால் கொடுத்தான். "குடிங்க ஐயா, பழசையெல்லாம் மறந்துடுங்க" என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு முன்பக்கம் ஏன் அவ்வளவு அமைதி என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வெளியே வந்ததும், அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், அது மன்னிப்பாம் அப்பா, வலது கையாம் என்றேன்.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். "நம்மள உக்கார வச்ச எடத்துலேருந்து அது இடது கைதாம்மா" என்றார்.

நல்ல பேச்சுத்தான். அப்பா பேச்சில் ஒருநாளும் குறை வைத்ததில்லை. அவர் சொன்னதில் தப்பு இருப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அதைக் கேட்டபோது எனக்கு நினைவுக்கு வந்தது கிராணி அல்ல, விறகுக் கொட்டகை.

தம்பியைப் புதைத்துவிட்டு வந்த சாயங்காலம் அது. மழை விட்டிருந்தது. அப்பா மண்வெட்டியை ராவுத்தரிடம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டார். அம்மா பக்கத்திலிருந்த பானையில் மொண்டு சொம்பை இடது கையால் நீட்டினாள். அப்பா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் அதை வாங்கிக் குடித்தார். அம்மாவின் வலது கையில் ஏதாவது வேலை இருக்கும் என்று நினைத்து நான் எட்டிப் பார்த்தேன். அது மடிமேல் சும்மாதான் கிடந்தது.