பெட்டிக்குள் ஓடிய லோரிகள்

மண் வெட்டும் தொழிலில் பாதி நாள் காத்திருப்பிலேயே போய்விடும். கிளினிக்கிலும் போஸ்ட் ஆபீசிலும் வரிசையில் நின்று கால் கடுத்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஸ்டாப்வாட்ச்சோடு மூன்று நாள்

எண்பதுகளின் நடுவில், லூனாஸ் என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு செம்மண் குன்றை வெட்டிச் சதுப்பில் கொட்டி, தொழிற்சாலைக்கு இடம் சமன்படுத்திக்கொண்டிருந்தோம். நான் திட்டமிடும் பிரிவில் இருந்தேன். கம்பெனி புதிதாக ஒரு கம்பியூட்டர் பெட்டி வாங்கியிருந்தது. மண் வாரும் நேரம், லோரி போய் வரும் நேரம் எல்லாம் கொடுத்தால், ஒரு நாள் வேலையை அது உள்ளேயே நடத்திப் பார்த்துச் சொல்லுமாம்.

நேரம் எடுக்க, மண் வாரும் எக்ஸ்கவேட்டர் பக்கத்தில் ஸ்டாப்வாட்ச்சோடு மூன்று நாள் நின்றேன். அதை ஓட்டிய சூசை அண்ணன், முதல் நாள் தன்னை வேவு பார்க்கிறேன் என்று நினைத்து, இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடி ஏறினார். அன்று அவர் வாரிய ஒவ்வொரு வாரலுக்கும் ஒரே நேரம். ஒரு விநாடிகூட முன்பின் இல்லை. கடிகாரம்தான் கெட்டுவிட்டதோ என்று குலுக்கிப் பார்த்தேன். எல்லாம் ஒரே நேரமாக வருகிறதே என்று அவரிடமே சொன்னேன்.

"மழை பேஞ்சா இப்படி வராது தம்பி. அதையும் உங்க பெட்டிகிட்ட சொல்லிடுங்க லா," என்றார்.

கோப்பி ஆறுவதற்குள்

எல்லாவற்றையும் ஏற்றிப் பொத்தானை அழுத்தினேன். திரையில் எங்கள் பன்னிரண்டு லோரிகளும் எண்களாக ஓடின. மண் ஏற்றின, போயின, வந்தன, நின்றன. கோப்பி ஆறுவதற்குள் ஒரு முழு நாள் முடிந்திருந்தது. எந்நேரமும் நான்கு லோரிகள் சும்மா நிற்கின்றன, எட்டே போதும் என்றது பெட்டி. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். குன்றடியில் சரியாக நான்கு லோரிகள் நின்றுகொண்டிருந்தன. அச்சான தாளோடு மேனேஜரிடம் ஓடினேன்.

மேனேஜர் யாழ்ப்பாணத்துக்காரர், எதையும் லேசில் நம்பாதவர். மறுபடி ஓட்டச் சொன்னார். அதே பதில். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "இது இந்த மண்ணை ஒருநாளும் மிதிச்சதில்லை. பிறகு இதுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார்.

நான்கு பேர்

வியப்பு அடங்குமுன் பயம் வந்தது. நான்கு லோரிகளை நிறுத்தினால் நான்கு டிரைவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். கடைசியாகச் சேர்ந்த முனியாண்டி அண்ணன்தான் முதலில் போவார். அவருக்கு மூன்று பிள்ளைகள்.

மேனேஜரிடம் ஒரு நாள் அவகாசம் கேட்டேன். பட்டறையில் கிடந்த பழைய எக்ஸ்கவேட்டரைக் குன்றின் மறுபக்கம் வைத்து, அந்த நான்கு லோரிகளையும் அங்கே விட்டால் என்ன? சூசை அண்ணன் சொன்ன மழையையும் சேர்த்து ஓட்டிப் பார்த்தேன். பெருமழைக் காலத்துக்கு முன்பே வேலை முடியும் என்றது பெட்டி. மேனேஜர் அது அச்சிட்ட தாளை வரிவரியாகப் பார்த்துவிட்டு, ஒரு வாரத்துக்கு ஒத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை அந்தத் தாளோடு குன்றின் மேல் நின்றேன். தாளில் கண்ட நேரத்துக்கே, செம்புழுதியைக் கிளப்பிக்கொண்டு இரண்டு பக்கமும் லோரிகள் வந்தன, போயின. எங்கும் வரிசை இல்லை. சாயங்காலம் முனியாண்டி அண்ணன் மடிப்புக் கலையாத செய்தித்தாளோடு இறங்கினார்.

"எந்த சைட்டுலயும் லைன்ல நின்னே பேப்பர முழுசாப் படிச்சிருவேன். இன்னிக்குப் பிரிக்கவே நேரமில்ல தம்பி."

மழைக்கு முன்பே குன்று தரைமட்டமானது, பன்னிரண்டு பேரும் கடைசிவரை இருந்தார்கள். மண் சுமந்தது அவர்கள், வழி சொன்னது பெட்டி, சம்பளம் வாங்கிக்கொண்டு வாயைப் பிளந்து பார்த்தது மட்டும்தான் நான்.