வேலையை விட்டார், மாடிக்குக் குடிபோனோம்

என் கணவர் ஐம்பத்தைந்து வயதில் வேலையை விட்டார். முழு சர்வீஸ் முடிய இன்னும் ஐந்து வருஷம் இருந்தது. ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தவர். ஏன் விட்டீர்கள் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார். என் அண்ணனிடம் முதுகுவலி. சர்ச்சில், பாட்டுக்குழுவுக்கு நேரம் வேண்டும் என்றார். அவர் பாடி அதுவரை யாரும் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் டிராஃபிக் என்றார். பெங்களூரில் அந்தக் காரணத்தை மட்டும் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

என்னிடம் சொன்னது வேறு. புதிதாக வந்த மேனேஜர் எங்கள் மகளைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவள். ஏதோ மீட்டிங்கில் எல்லோரும் நின்றுகொண்டிருக்க, தன் நாற்காலியை இவர் பக்கம் நகர்த்தி, "நீங்க உக்காருங்க அங்கிள்" என்றிருக்கிறாள்.

"நல்ல பொண்ணுதானே?" என்றேன்.

"ரொம்ப நல்ல பொண்ணு. திட்டியிருந்தா இருந்திருப்பேன். நாற்காலி குடுத்தா என்ன பண்றது?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அதனால் நானும் நிறுத்திக்கொண்டேன்.

செலவுக்கு என்ன வழி என்று அடுத்த நாள் கேட்டேன். மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, கடன் கிடையாது, பி.எஃப். பணத்தை பேங்கில் போட்டால் வட்டி வரும் என்றார். "மீதிக்கு?" என்றதும் மேலே கையைக் காட்டினார். கடவுளைச் சொல்கிறார் என்று நினைத்தேன். மாடியைச் சொல்லியிருக்கிறார். காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டுக்கு மாடியில் ஒற்றை ரூம் போர்ஷன் ஒன்று உண்டு. நாங்கள் அங்கே போய்விட்டு, கீழ்வீட்டை வாடகைக்கு விடுவதுதான் அவருடைய திட்டம்.

இருபது வருஷம் புழங்கிய சமையலறையை விட்டு மேலே போக எனக்கு மனசில்லை. ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருந்தேன். பிறகு சாமான் ஏற்ற ஆட்கள் வந்தார்கள். கட்டில் படிக்கட்டுத் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. "மேலே ஹோகல்ல சார்" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுக் கீழே இறக்கி வைத்தார்கள். பீரோவும் ஏறவில்லை. இவர் புரோக்கருக்குப் போன் போட்டு, வீடு ஃபர்னிஷ்ட் என்று சொல்லி வாடகையைக் கூட்டிவிட்டார். கட்டிலில் ஒரு சாஃப்ட்வேர் தம்பதி படுத்தார்கள். நாங்கள் மாடியில் தரையில் மெத்தை போட்டுக்கொண்டோம். முதுகுவலி அப்போதுதான் நிஜமாகவே வந்தது.

மற்றபடி நன்றாகத்தான் போனது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காலையில் இவர் டிபன் பாக்ஸ் கட்டிக் கையில் கொடுத்தார். சாயங்காலம் வந்தால் காபி. காய்கறிக்காரருடன் பேரம் பேசி ஜெயித்ததை விவரமாகச் சொல்வார், நானும் கேட்டுக்கொள்வேன்.

இந்த மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை, பேப்பர் திருத்திக் கை ஓய்ந்துபோய் வந்தவள், காபியைக் கையில் வாங்கிக்கொண்டே, "நானும் ராஜினாமா எழுதிக் குடுத்துடலாமான்னு பாக்கறேன்" என்றேன்.

அவர் அடுப்பை அணைத்தார். "அப்ப இன்சூரன்ஸ்?"

"உங்களுக்கு முதல்ல அதுதான் ஞாபகம் வருதா?"

"ரெண்டு பேருக்கும் உன் ஸ்கூல் இன்சூரன்ஸ்தானே. அப்புறம் உன் சம்பளத்தை நம்பித்தான் நான் விட்டேன்."

இதை முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னார். நான் பாதி விளையாட்டாகத்தான் பேச்சை எடுத்திருந்தேன். ஆனாலும் அதைச் சொல்லாமல் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவரைத் தவிக்கவிட்டேன். அந்த அளவுக்கு எனக்கு உரிமை உண்டு என்று பட்டது.

திங்கட்கிழமை பழைய ஆபீஸ் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினார். மத்தியானம் போன் செய்தார். தொம்மலூரில் தெரிந்தவர் ஒருவரின் சின்ன கம்பெனியில், வாரத்துக்கு இரண்டு நாள் ஸ்டாக் பார்க்கும் வேலை. "அந்தப் பணத்துல தனியா இன்சூரன்ஸ் கட்டிக்கலாம். அடுத்த வருஷம் நீ வேலைய விட்டு நின்னுக்கோ" என்றார். ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்னாலும் முந்தானையால் மூக்கைத் துடைத்தேன். ஜலதோஷம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

இப்போது செவ்வாயும் வியாழனும் பஸ் ஏறிப் போகிறார். அந்த நாட்களில் எனக்கு டிபன் பாக்ஸ் கிடையாது, கேன்டீன்தான். நான் வேலையை விட்ட பிறகு அந்த இரண்டு நாளும் என் சமையல் என்று முடிவு செய்து வைத்திருக்கிறார். நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.